காட்டு வான்கோழி இறகில் அம்பிறகு: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஏப்ரலும் மேயும் வான்கோழி வேட்டைக் காலம். வேட்டைக்குப் போகிறவர்கள் நெஞ்சுக் கறியை எடுத்துக்கொள்வார்கள். வால் விசிறியைச் சுவரில் மாட்ட எடுத்து வைப்பார்கள். இரண்டு இறக்கைகளும் பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். எனக்கு அது மனம் பொறுப்பதில்லை. தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து அந்த இறக்கைகளை வாங்கிவந்து அம்புக்கு இறகு வெட்டுகிறேன். கடையில் விற்கும் அம்பிறகு பெரும்பாலும் பண்ணை வெள்ளை வான்கோழியிலிருந்து எடுத்துச் சாயம் ஏற்றியது. காட்டுப் பறவையின் இறகில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இயற்கையாகவே இருக்கும். இரண்டு இறகுகளில் ஒரே பட்டை அமைவதில்லை.

முதல் முயற்சியிலேயே நன்றாக வரும் என்று யாருக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன். கோளாறு வரும். எந்தக் கட்டத்தில் அது நுழைந்தது என்று பின்னோக்கித் தேடத் தெரிந்தால் போதும், அடுத்த இறகில் சரிசெய்துவிடலாம். என் அனுபவத்தில் பெரும்பாலான தடயங்கள் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: ஈர்க்கைத் தேய்த்து மெலிதாக்கும் இடம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இறகின் நடுவில் ஓடுவதை ஈர்க்கு என்கிறேன். அதன் இருபுறமும் அகன்ற மடல் ஒன்று, குறுகிய மடல் ஒன்று. அம்புக்கு வேண்டியது அகன்ற மடல் மட்டும். அம்பின் மரத்தையே தண்டு என்று குறிப்பிடுகிறேன். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு நாண் பள்ளம்.

பிளக்கும்போது கத்தி ஓரமாக ஓடி மடலைக் கிழிக்கிறது

இறகு காய்ந்துபோயிருக்கிறது. இறக்கையிலிருந்து பிடுங்கி மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த இறகு, கத்தி பட்டதும் மூங்கில் போல நீளவாக்கில் வெடிக்கும். முந்தின இரவே ஈரத்துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். காலையில் ஈர்க்கு விரல் நகத்துக்கு லேசாக இணங்க வேண்டும்.

இன்னொரு காரணம் கத்தியை வைத்த பக்கம். ஈர்க்கின் அடிப்புறத்தில், அதாவது பறவையின் உடலை நோக்கியிருந்த பக்கத்தில், நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. கத்தி முனையை அந்தக் கோட்டிலேயே வையுங்கள். மேற்புறத்து உருண்டையில் வைத்தால் வழுக்கும். ஒரே வெட்டில் பிளக்க முயல வேண்டாம். முதல் ஓட்டத்தில் கீறல் மட்டும், இரண்டாவதில் ஆழம், மூன்றாவதில் பிளவு. பிளேடு மழுங்கிய உடனே மாற்றிவிடுங்கள். மூன்று நான்கு இறகுக்கு ஒரு பிளேடு எனக்குச் செலவாகிறது, அதை நான் மிச்சம் பிடிப்பதில்லை.

கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கு உரிக்கும் முறை இருக்கிறது. நுனியில் அகன்ற மடலைப் பிடித்து, அடியை நோக்கி வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே வந்தால், ஈர்க்கின் மேல்தோல் ஒரு நாடா போல மடலோடு சேர்ந்து வரும். தென்னங்கீற்றில் விளக்குமாற்றுக்கு ஈர்க்கு உரித்துப் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். வேறுபாடு, இங்கே நமக்கு வேண்டியது ஈர்க்கு இல்லை, ஓலைப் பக்கம். உரித்த இறகு மிகவும் வளையும். தேய்க்கும் வேலை மிகக் குறைவு. ஆனால் வெட்டிப் பிளந்த இறகின் விறைப்பு அதற்குக் கிடையாது. அதனால் ஒட்டும்போது அதிகக் கவனம் கேட்கும்.

அடி அலை அலையாக நெளிகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் இறகுகளைத் தூக்கி எறிவது இங்கேதான். ஆனால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றிவிட முடியும்.

பிளந்த ஈர்க்கை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெளியே பழுப்பும் பளபளப்புமாக ஒரு தோல். உள்ளே வெள்ளையாக, நெட்டி போல மெத்தென்ற சோறு. தோல் ஈரத்தில் விரிந்து காய்ந்தால் சுருங்கும். சோறு அந்த அளவுக்கு அசைவதில்லை. ஓரிடத்தில் சோறு தடிப்பாகவும் அடுத்த இடத்தில் மெலிதாகவும் நின்றுவிட்டால், காயும்போது தோல் ஒவ்வோரிடத்தில் ஒவ்வோர் அளவில் இழுக்கும். அடி நெளிவது அந்த இழுப்பினால்தான். ஆகவே குற்றவாளி இறகு இல்லை, சீராகத் தேய்க்காத நம் கை.

தேய்ப்பதற்கு நான் பயன்படுத்துவது எளிய கருவி. ஏறத்தாழ ஓர் அடி நீளத்தில் இரண்டு நேரான இரும்புப் பட்டைகள், நடுவில் இறகு, மேலே காகிதம் கவ்வும் பெரிய கிளிப்புகள் நான்கு. ஈர்க்கு மட்டும் பட்டைகளுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவு எட்டிப்பார்க்க வேண்டும். தட்டையான பலகையில் 100 எண் உப்புத்தாளை ஒட்டிவைத்து, அதன்மேல் பட்டைகளோடு சேர்த்து நேராக முன்னும் பின்னும் தேய்க்கிறேன். இரும்பு உப்புத்தாளைத் தொடும் ஓசை கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அப்போது அடி முழுவதும் ஒரே தடிமனில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நிற்கும்.

மின்சாரத் தேய்ப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் சூட்டில் ஈர்க்கு உடனே சுருளும். தொட்டுத் தொட்டு எடுங்கள். இரண்டு முறையிலும் முகக்கவசம் கட்டாயம். இறகுத் தூள் மிக மெல்லியது. மூக்குக்குள் போனால் நாள் முழுக்கத் தும்மல் நிற்காது, நுரையீரலுக்கும் நல்லதல்ல.

ஏற்கெனவே நெளிந்துவிட்ட இறகு கையில் இருக்கிறதா? தடவிப் பார்த்தால் தடித்த இடங்கள் விரல் நுனிக்குத் தெரியும். அங்கே மட்டும் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சோற்றைச் சுரண்டுங்கள். பிறகு கெட்டில் நீராவியில் பத்து வினாடி காட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரே விதிவிலக்கு, அளவுக்கு மீறித் தேய்த்துத் தோலே ஓட்டையான இறகு. அதன் நெளிவு தீராது. அம்பு செய்யாமல் வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்பில் வைத்தால் ஒரு முனை தண்டில் படுகிறது, மறுமுனை தூக்கி நிற்கிறது

இறகு இடது இறக்கையுடையது, கிளாம்ப் வலது வளைவுக்கானது, அல்லது நேர்மாறாக. தண்டை அசையாமல் தாங்கி இறகு ஒட்ட உதவும் சட்டம் ஜிக், பசை காயும்வரை இறகைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி கிளாம்ப். ஜிக்குடன் வரும் கிளாம்புகள் மூன்று வகை: நேர், இடது வளைவு, வலது வளைவு. நேர் கிளாம்ப் எந்த இறக்கைக்கும் ஒத்துப்போகும். வளைந்த கிளாம்ப் தனக்குரிய இறக்கையை மட்டுமே ஏற்கும்.

இறகைப் பார்த்து அடையாளம் காண்பது எளிது. பள்ளக்கோடு கீழே இருக்கும்படி, நுனி உங்களை விட்டு விலகியிருக்கும்படி மேசையில் வையுங்கள். நுனி இடப்பக்கம் வளைந்து, குறுகிய மடல் வலப்பக்கம் இருந்தால் அது இடது இறக்கை. எதிராக இருந்தால் வலது. இதைப் பிளப்பதற்கு முன்பே பார்த்து இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்துவிடுங்கள்; பிளந்து வெட்டிய பிறகு கண்டுபிடிப்பது கண்ணுக்கு வேதனை.

இடது சிறந்ததா, வலது சிறந்ததா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் ஒன்றே. இடது இறக்கை அம்பு எய்பவரின் பார்வையில் இடஞ்சுழியாகச் சுற்றும், வலது வலஞ்சுழியாகச் சுற்றும். இலக்கில் தைக்கும் இடத்தில் அதனால் நான் எந்த வேறுபாடும் கண்டதில்லை. ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் மட்டும் கெடுதல்: ஒன்று ஒரு பக்கம் சுழற்ற முயலும், மற்றது அதைத் தடுக்கும்.

முன்பின் மாறி ஒட்டிவிடுவதும் உண்டு. ஈர்க்கின் தடித்த முனை அம்பின் தலையை நோக்கியும், நுனிப்பக்கம் நாண் பள்ளத்தை நோக்கியும் இருக்க வேண்டும். அம்புத் தலையிலிருந்து வாலை நோக்கி விரலால் வருடினால் இழைகள் படிந்து வழிவிட வேண்டும். எதிர்த்துக் கிளம்பினால் இறகு திரும்பி நிற்கிறது என்று பொருள்.

ஆறு அம்பில் இரண்டு மட்டும் எப்போதும் விலகித் தைக்கின்றன

அந்த இரண்டின் இறகுகளையும் மற்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறக்கையின் நுனிப்பக்கம் இருக்கும் பெரிய பறப்பிறகுகள் ஒரு வான்கோழிக்குப் பக்கத்துக்குப் பத்து. அவை விறைப்பானவை. அவற்றை அடுத்து உடலை நோக்கி வரும் இரண்டாம் வரிசை இறகுகள் மென்மையானவை. இரண்டிலும் அம்பு செய்யலாம். ஒரே தொகுப்பில் கலக்கக்கூடாது. விறைப்பு மாறினால் அம்பு நிதானத்துக்கு வரும் தூரம் மாறும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்தில் வெளியோரத்து இரண்டு மூன்றில் அகன்ற மடல் பாதியில் குறுகிவிடும். போதிய உயரம் கிடைக்காது. மிஞ்சுவது ஏழெட்டு. ஆறு அம்புக்கு, அம்புக்கு மூன்றாக, பதினெட்டு இறகு வேண்டும், அதுவும் ஒரே பக்கத்து இறக்கையில். ஆக மூன்று பறவைகளின் இடது இறக்கைகள் தேவை. நீளமான இறகில் ஐந்து அங்குலத் துண்டு ஒன்றும் நான்கு அங்குலத் துண்டு ஒன்றும் எடுக்கலாம். அந்த நான்கங்குலத் துண்டுகளைத் தனித் தொகுப்பாகச் சேர்த்து வையுங்கள்.

ஓர் இறகு குறைகிறதே என்று தோட்டத்தில் கிடந்த பருந்து இறகையோ ஆந்தை இறகையோ எடுத்து ஒட்டுகிற எண்ணம் வரக்கூடும். அமெரிக்காவில் 1918 இன் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, அனுமதியின்றி அத்தகைய இறகை வைத்திருப்பதே குற்றம். தானாக உதிர்ந்தது என்பது சாக்காகாது. கழுகுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. காட்டு வான்கோழி இடம்பெயரும் பறவை அல்ல என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை; உரிமம் பெற்று வேட்டையாடிய பறவையின் இறகைப் பயன்படுத்தலாம், மாநில விதிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறையும் ஓர் இறகுக்கு அடுத்த பருவம் வரை காத்திருப்பது நல்லது.

இறகு பெயர்ந்து வருகிறது

எங்கிருந்து பெயர்கிறது என்று பாருங்கள். பசை தண்டில் தங்கி, இறகு மட்டும் சுத்தமாக வந்துவிட்டால் குறை இறகின் அடியில்: சோறு மிச்சமிருக்கிறது, அல்லது விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. சோறு பஞ்சு போலப் பசையை உறிஞ்சிவிட்டு, தானே பிளந்து கழன்றுவிடும். பசை இறகோடு சேர்ந்து தண்டை விட்டு வந்தால் குறை தண்டில்: மேலே பூசிய வார்னிஷ் பசையோடு ஒத்துப்போகவில்லை, அல்லது எண்ணெய்ப் பூச்சு பூசியிருக்கிறீர்கள். மூங்கில் தண்டாக இருந்தால் அதன் மெழுகுத் தோலை இறகு உட்காரும் இடத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும், எந்தப் பசையானாலும், ஒரு துண்டுக் குச்சியில் ஒரே ஓர் இறகை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பிடுங்கிப் பார்த்த பிறகே அம்புகளில் கை வையுங்கள்.

கிளாம்பில் அவசரம் காட்டாதீர்கள். அம்பிறகுக்கென்று விற்கும் பசை கால் மணி நேரத்தில் பிடிக்கத் தொடங்கும். நான் அரை மணி நேரம் விடுகிறேன். மூன்றும் ஒட்டி முடிந்ததும் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரு சொட்டுப் பசை.

முன்முனை மட்டும் தூக்கி நின்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கைப்பிடிக்கு மேல் விரல் முட்டியை வைத்து அம்பைத் தாங்கி எய்யும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு நாள் முன்முனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்த அம்பை, தெரிந்தும், இன்னும் ஒரு முறை எய்யலாம் என்று எய்தேன். ஈர்க்கின் கூர்முனை ஆள்காட்டி விரல் முட்டியில் தோலுக்கு அடியில் நுழைந்து ஒடிந்து நின்றது. எரிச்சல் அடுத்த நொடிதான் வந்தது. முதலில் தெரிந்தது தோலுக்கு உள்ளே ஒரு கறுப்புக் கோடு. அதை எடுக்க மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து முன்முனையைப் பேனா நிப்பு போலச் சரிவாகச் சீவி, உப்புத்தாளால் தண்டோடு சமமாக்கி, மேலே பட்டு நூலைப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றிப் பசை தடவாமல் எந்த அம்பையும் நான் நாணில் ஏற்றுவதில்லை. கைக்கு உறையும் போட்டுக்கொள்கிறேன்.

நூல் சுற்றுவது பழைய முறைதான். 1545 இல் மூழ்கி 1982 இல் கடலுக்கடியிலிருந்து தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகுகள் மக்கிப்போய்விட்டன, தண்டுகளில் நூல் சுருளாக ஓடிய தடமும் செம்பு கலந்த பசையின் எச்சமும் நின்றிருந்தன. இறகின் முழு நீளத்துக்கும் நூல் சுற்ற விரும்பினால், ஊசி முனையால் இழைகளைப் பிரித்து, அரை சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று கொண்டுபோங்கள். சுற்றி முடித்த பின் விரலால் நீவினால் இழைகளின் நுண்கொக்கிகள் மறுபடி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

சுடுகம்பியில் ஓரம் கருகிக் கட்டி கட்டியாக நிற்கிறது

சுடுகம்பி என்பது, ஒட்டிய இறகின் ஓரத்தைச் சுட்டு வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும், மின்சாரத்தில் சூடாகும் வளைந்த கம்பி. அந்தக் கம்பி போதுமான அளவு சூடாகவில்லை, அல்லது அம்பை மெதுவாகச் சுற்றுகிறீர்கள். கம்பி செந்நிறமாக வந்த பிறகு, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். ஈர இறகு சுடப்படாது, வேகும். மயிர் பொசுங்கும் நாற்றம் வீட்டை நிறைக்கும். வெளியில் வைத்துச் செய்யுங்கள். சுடுகம்பி இல்லாதவர்களுக்கு அட்டையில் வெட்டிய மாதிரி வடிவமும் கூரான கத்தரிக்கோலும் போதும்.

அம்பு பறக்கும்போது ஆடுகிறது

உடனே இறகைக் குறை சொல்லாதீர்கள். மேலும் கீழுமாக ஆடினால் பெரும்பாலும் நாணில் அம்பு பூட்டும் இடம் உயரம் தப்பியிருக்கிறது. மீன் வால் போல இடம் வலமாக ஆடினால் தண்டின் விறைப்பு வில்லோடு ஒத்துப்போகவில்லை. இதைப் பிரித்தறிய இறகில்லாத வெறுந்தண்டு ஒன்றைப் பத்து மீட்டரிலிருந்து, இறகுள்ள அம்புகளோடு சேர்த்து எய்து பாருங்கள். வெறுந்தண்டு மேலே தைத்தால் பூட்டும் இடம் தாழ்ந்திருக்கிறது. கீழே தைத்தால் உயர்ந்திருக்கிறது. வலது கைக்காரருக்கு இடப்பக்கம் தைத்தால் தண்டு விறைப்பு மிகுதி, வலப்பக்கம் தைத்தால் குறைவு.

வெறுந்தண்டு நன்றாகவே போகிறது, இறகுள்ளது மட்டும் உதறுகிறது என்றால்தான் நம் வேலை. இறகு வில்லில் இடிக்கிறது. முகப்பவுடரை வில்லில் அம்பு உட்காரும் தாங்குவிளிம்பில் தூவி ஒரு முறை எய்யுங்கள். பவுடரில் விழும் கீறலும் இறகில் ஒட்டும் வெண்மையும் இடித்த இடத்தைக் காட்டிவிடும். நாண் பள்ளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒற்றை இறகு வில்லை விட்டு விலகி வெளிப்புறம் பார்க்கிறதா என்று பாருங்கள். இதற்காகவே அந்த ஓர் இறகை மட்டும் பட்டை வேறுபட்ட ஒன்றாக நான் தேர்ந்தெடுக்கிறேன். இருட்டத் தொடங்கிய காட்டிலும் கண்ணில் படும்.

இரைச்சல்

சீறல் கேட்டால் மடலின் உயரம் மிகுதி. அரை அங்குலத்துக்குச் சற்றுமேல் போதும். பின்முனை நிமிர்ந்த கேடய வடிவம் சரிந்த வடிவத்தைவிட அதிகம் சீறும். விசில் போல ஒற்றைத் தொனியாகக் கேட்டால் எங்கோ இழை பிரிந்து நிற்கிறது, நீவிப் பூட்டுங்கள்.

மழையில் படிந்து ஒட்டிக்கொண்டது, அம்பு உறையில் நசுங்கிவிட்டது

இது கோளாறே அல்ல. நனைந்த இறகு முதலில் தானாகக் காயட்டும். பிறகு கெட்டிலில் நீராவி எழும்போது, ஒரு சாண் உயரத்தில் அம்பை வாட்டமாகப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். பத்துப் பதினைந்து வினாடிகளில் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்வதைப் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை. விலங்குத் தோல் பசையும் தசைநாரும் கொண்டு கட்டிய அம்புகளுக்கு மட்டும் இது ஆகாது. ஆவியில் இரண்டும் இளகிவிடும்.

மடலில் நேர்க்கோடாக ஓட்டைகள்

அந்துப்பூச்சியின் புழு, அல்லது கம்பள வண்டின் புழு. இரண்டுக்கும் இறகுதான் உணவு. ஓட்டை விழுந்த இறகைத் தனியே எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும், ஒட்டி முடித்த அம்புகள் உட்பட, பையில் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் அறைச் சூட்டில் விட்டு, மறுபடி நான்கு நாள். முதல் குளிருக்குத் தப்பிய முட்டை நடுவில் பொரித்தாலும் இரண்டாவதில் மடியும். புதிதாக வரும் இறக்கை எதையும் இதைச் செய்யாமல் நான் மற்றவற்றோடு சேர்ப்பதில்லை. வெட்டிய இடத்துச் சதையைச் சுரண்டி எடுத்து அங்கே வெண்காரத் தூளை அடைத்து, இறக்கையை விரித்து இரண்டு வாரம் காய வைத்துவிட்டு, பிறகு உறைபெட்டி. அதற்கடுத்து இறுக மூடும் டப்பா, இடது தனி, வலது தனி, மேலே எந்தப் பருவத்துப் பறவை என்று எழுதிய சீட்டு.